பத்து வாரத்தில் கிரேட் 8 பியானோ: ஒரு மணித்தியாலத்தை எங்கே செலவழிப்பது

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் கல்முனையில் ஏ.எல். படிக்கும் மாணவி. பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் கிரேட் 8 பியானோ பரீட்சைக்கு இன்னும் பத்து வாரம். ரியூஷன் போக நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சுகிறது. வீட்டில் இருப்பது 88 கீ டிஜிட்டல் பியானோ. ரீச்சர் மட்டக்களப்பில், சனிக்கிழமை மட்டும் வகுப்பு. பாக்கின் மூன்று குரல் ஃபியூக் ஒன்றும் (ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிற உருப்படி) ஷோப்பானின் நொக்டர்ன் ஒன்றும் (இரவின் அமைதியில் பாடுகிற மாதிரியான உருப்படி) பாதி ஆகியிருக்கின்றன, மூன்றாவது உருப்படி இன்னும் தொடங்கவில்லை. ஸ்கேல்ஸ் பாதி தெரியும், சைட் ரீடிங் (முன்பு பார்த்திராத இசையை உடனே வாசிப்பது) என்றால் பயம், ஓரல் என்கிற செவிப் பரீட்சையைத் தொட்டதே இல்லை. "தினமும் இருக்கிற இரண்டு உருப்படியையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறேன், ஆனால் முன்னேற்றம் இல்லை. போகலாமா, அடுத்த தடவைக்குத் தள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, போகலாம். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் நேரத்தை விழுங்குவது ரியூஷன் மட்டுமல்ல, அந்தப் பழக்கமும்தான். ஐந்து நிமிட உருப்படியில் ஏற்கெனவே நன்றாக வரும் நான்கு நிமிடத்தைத் தினமும் வாசித்துவிட்டு, வராத ஒரு நிமிடத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் பிழையாக வாசித்துவிட்டு எழும்புகிறீர்கள். விரல் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் பழகும். பிழையும் அப்படித்தான் உறுதியாகிறது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கடதாசி வேலை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேட் 6, 7, 8 எழுத, கிரேட் 5 மியூசிக் தியரி அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கிற ஒன்று சித்தியடைந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் மற்றத் திட்டம் எதுவும் உதவாது. தியரி இப்போது ஒன்லைனில் நடக்கிறது. 75 புள்ளியில் 50 எடுத்தால் சித்தி. டிரினிட்டி சபையின் கிரேட்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனால் பாடத்திட்டமும் உருப்படிப் பட்டியலும் வேறு என்பதால், பத்து வாரம் இருக்கும்போது சபை மாறுவதை நான் சொல்லமாட்டேன்.

அடுத்து புள்ளிக் கணக்கு. மொத்தம் 150. மூன்று உருப்படிக்கும் 30 வீதம் 90, ஸ்கேல்ஸ், ஆர்பெஜியோ (கோர்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) இரண்டுக்கும் சேர்த்து 21, சைட் ரீடிங்குக்கு 21, ஓரலுக்கு 18. சித்திக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. ஒவ்வொரு பகுதிக்கும் சித்தி எல்லை ஒன்று உண்டு: உருப்படிக்கு 20, ஸ்கேல்ஸுக்கு 14, சைட் ரீடிங்குக்கு 14, ஓரலுக்கு 12. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது மொத்தம் மட்டுமே. ஒரு பகுதியில் எல்லைக்குக் கீழே போனாலும் மற்றது தூக்கிவிடும். உருப்படி மூன்றிலும் 22 வீதம் 66, ஸ்கேல்ஸில் 16, சைட் ரீடிங்கில் 10, ஓரலில் 10 என்றால் 102. சித்தி. அதே நேரம், உருப்படி அல்லாத பகுதி 60 புள்ளி, அதாவது மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது. அதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைப்பவர்கள்தான் 96, 97 என்று நூலிழையில் தவறுகிறார்கள். ஸ்கேல்ஸ் இதில் மிக நியாயமான பகுதி. என்ன கேட்பார்கள் என்பது முன்கூட்டியே அச்சில் இருக்கிறது. ஆச்சரியத்துக்கு இடமே இல்லை.

இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் பர்போமன்ஸ் கிரேட் என்ற இன்னொரு வழியும் உண்டு. நான்கு உருப்படியை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பதிந்து அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் 30, முழு வாசிப்புக்கும் சேர்த்து 30. ஸ்கேல்ஸ், சைட் ரீடிங், ஓரல் கிடையாது. தியரி நிபந்தனை இதற்கும் உண்டு. கொழும்புக்குப் போகும் செலவு மிச்சம். ஆனால் நான்காவது உருப்படி ஒன்றை முன்பே நன்றாகப் படித்து வைத்திருந்தால்தான் இது உங்களுக்கு லாபம். பத்து வாரத்தில் இரண்டு புது உருப்படி எடுப்பதைவிட, ஸ்கேல்ஸும் ஓரலும் படிப்பது சுலபம். நீங்கள் நேர்ப் பரீட்சைக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மீதியைச் சொல்கிறேன்.

பத்து வாரம், வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம்: மொத்தம் 60 மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை ஒரே இருப்பாக வைக்காதீர்கள். காலையில் பாடசாலைக்கு முன் 25 நிமிடம், இரவில் 35 நிமிடம் என்று பிரித்தால், காலையில் பழகியது பகலில் ஊறி இரவில் சுலபமாக வரும். காலையில் 10 நிமிடம் ஸ்கேல்ஸ், 15 நிமிடம் ஒரு உருப்படியின் கடினமான பார்கள் (இசைக்குறியில் இரண்டு குத்துக்கோட்டுக்கு இடையிலான பகுதிகள்). இரவில் 20 நிமிடம் இன்னொரு உருப்படி, 10 நிமிடம் சைட் ரீடிங்கும் ஓரலும், கடைசி 5 நிமிடம் காலையில் செய்த அதே பார்களை ஒருதடவை மீட்டுப் பார்க்க. மூன்று உருப்படியையும் ஒரே நாளில் தொடத் தேவையில்லை. நாளுக்கு இரண்டு போதும்.

கடினமான பார்களைக் கண்டுபிடிப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. ஃபோனில் பதிவுபண்ணிக்கொண்டு கையிலுள்ள உருப்படிகளை ஒருதடவை வாசியுங்கள். பிறகு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டு, தடக்கிய இடம், வேகம் குறைந்த இடம், பெடலுக்குள் ஒளிந்த இடம் எல்லாவற்றையும் பென்சிலால் அடைப்புக்குள் போடுங்கள். பெரும்பாலும் மூன்று உருப்படியும் சேர்த்து 30, 40 பாருக்கு மேல் வராது. உங்கள் பாடத்திட்டம் அதுதான். ஒவ்வொரு அடைப்பையும் முன்னால் ஒரு பீட், பின்னால் ஒரு பீட் சேர்த்துப் பழகுங்கள். தனியாக வருவது சேர்த்து வாசிக்கும்போது வராமல் போவது அந்த இணைப்பில்தான். ஐந்து புளியங்கொட்டையைப் பியானோவின் இடப்பக்கம் வையுங்கள். சரியாக ஒருதடவை வாசித்தால் ஒன்றை வலப்பக்கம் நகர்த்துங்கள். பிழைத்தால் எல்லாம் திரும்ப இடப்பக்கம். ஐந்தும் போய்ச் சேராமல் வேகத்தைக் கூட்டக்கூடாது. மூன்று தடவை தொடர்ந்து திரும்பி வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மெட்ரோனோமை 20 குறையுங்கள்.

ஃபியூக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதியில் நிற்பவர்களில் அதிகம் பேர் நிற்பது அங்கேதான். உங்களுடையது எது என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சி மைனர் ஃபியூக்கை (பாக்கின் வெல் டெம்பர்ட் கிளேவியர் முதற் புத்தகம், பி.டபிள்யூ.வி. 847) உதாரணமாக எடுப்போம். 31 பார்தான். கருப்பொருள் முதலில் நடுக்குரலில் வருகிறது, 3 ஆம் பாரில் மேற்குரல் அதை எடுக்கிறது, 7 ஆம் பாரில் கீழ்க்குரல். உங்கள் ஃபியூக்கிலும் கருப்பொருள் வருகிற ஒவ்வொரு இடத்தையும் கலர்ப் பென்சிலால் குறியுங்கள், குரலுக்கு ஒரு நிறம். அந்த இடங்களே உங்கள் தொடக்கப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். பரீட்சையில் எங்கேயாவது தடுமாறினால் அடுத்த இலக்கத்துக்குத் தாவலாம்; முதலுக்குத் திரும்பத் தேவை வராது. முதலிலிருந்து மட்டும் பழகியவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கை ஒரே நூலில் கோத்த மாலை மாதிரி, அறுந்தால் எல்லாம் கொட்டும்.

ஃபியூக்கில் பிழைக்கிற இடம் பெரும்பாலும் நடுக்குரல். அது சில பாரில் வலக்கையிலும் சில பாரில் இடக்கையிலும் இருக்கும். கை மாறுகிற அந்த நொடியில், டை என்கிற வளைகோடு போட்டு நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரத்தை விரல் பாதியில் விட்டுவிடும். பரீட்சகரின் காதில் ஒரு குரல் செத்துப்போகும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற விரல் இலக்கத்தை முதல் வாரத்திலேயே ரீச்சருடன் இருந்து முடிவுசெய்து பென்சிலால் எழுதுவது. பிடித்த சுரத்தின் மேலேயே 4 ஐ எடுத்து 5 ஐ வைக்கிற மாதிரியான விரல் மாற்றங்களையும் எழுத வேண்டும். எழுதியதைப் பிறகு மாற்றாதீர்கள். ஆறாம் வாரத்தில் விரல் மாற்றினால் பழைய விரலும் புதிய விரலும் பரீட்சை மேசையில் சண்டை பிடிக்கும். இரண்டு, கையைப் பிரித்துப் பழகுவதோடு குரலைப் பிரித்தும் பழகுவது. மேலும் கீழும் மட்டும், மேலும் நடுவும் மட்டும், நடுவும் கீழும் மட்டும் என்று இரண்டிரண்டாக, பரீட்சையில் போடப்போகிற அதே விரலால் வாசியுங்கள். விட்ட குரலை வாயால் பாடுங்கள். இது ஓரல் பயிற்சிக்கும் சேரும். பெடலை இந்த உருப்படியில் பத்து வாரமும் தொடாமல் வைத்தால் நல்லது. பெடலில்லாமல் லெகாட்டோ (சுரங்கள் இடைவெளியின்றித் தொடர்வது) வரவில்லை என்றால் விரல் இலக்கம் பிழை.

நொக்டர்னில் கதை வேறு. இடக்கை அகலமாகப் பரந்து ஓட, வலக்கை பாட வேண்டும். ஷோப்பானின் ஈ மைனர் நொக்டர்ன் (ஓபஸ் 72, இலக்கம் 1) மாதிரி இடக்கையில் மூன்று, வலக்கையில் இரண்டு என்று மோதுகிற இடங்கள் இருந்தால், நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. 'தகிட தகிட' என்று ஆறு அட்சரம் சொல்லுங்கள். வலக்கை இரண்டு 'த'விலும் விழும். இடக்கை முதல் 'த', முதல் 'ட', இரண்டாவது 'கி' என்று ஒன்றுவிட்டு ஒன்றில் விழும். மேசையில் தட்டிப் பாருங்கள். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒரு நாளில் பிடிபடும். பிறகு சொல்வதை வேகமாக்கிக்கொண்டே போய், கடைசியில் சொல்வதை விட்டுவிடுங்கள்.

பெடலில் எல்லோரும் செய்கிற பிழை, பாஸ் சுரத்தோடு சேர்த்து ஒரே நேரத்தில் காலை அழுத்துவது. அப்போது முந்திய ஹார்மனி பெடலுக்குள் கலந்து கலங்கிவிடும். புதிய பாஸ் சுரம் கேட்கிற அந்தக் கணத்தில் கால் மேலே வர வேண்டும். அந்தச் சுரத்தை விரல் இன்னும் பிடித்திருக்கும்போதே கால் திரும்பக் கீழே போக வேண்டும். விரல் முந்திக்கொண்டு விட்டால் பாஸ் காணாமல் போகும். இதை இடக்கை மட்டும், பாருக்கு முதல் சுரம் மட்டும் வைத்து ஐந்து நிமிடம் பழகினால் போதும். இன்னொன்று: இரண்டு கையும் ஒரே அளவில் கேட்டால் 22 கூட வராது. வலக்கையைச் சாதாரணமாகவும் இடக்கையைச் சத்தம் வராமல் கீயைத் தடவிக்கொண்டும் வாசித்துப் பழகுங்கள்.

மூன்றாவது உருப்படியைத் தெரிவுசெய்யும்போது ஆசையை ஒருபக்கம் வையுங்கள். இப்போதைய பட்டியலில் 'ஏ' பிரிவு விரைவும் விரல் வேலையும், 'பி' பிரிவு பாடுகிற தன்மை, 'சி' பிரிவு பல பாணி; ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். உங்கள் இரண்டும் எந்தப் பிரிவில் விழுகின்றன என்று இந்த ஆண்டுக்கான பட்டியலில் உறுதிப்படுத்தியபின், மிஞ்சிய பிரிவில் பக்கம் குறைந்தது, ஒரே விதமான அசைவு திரும்பத் திரும்ப வருவது, அகலமான எட்டு சுரப் பாய்ச்சல் இல்லாதது என்று தேடுங்கள். சின்னக் கைக்கு ஒக்டேவ் நிறைந்த உருப்படி பத்து வாரத்தில் மணிக்கட்டு வலியைத்தான் தரும். ரீச்சரிடம் மூன்று உருப்படியின் முதல் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, அந்தச் சனிக்கிழமையே முடிவெடுங்கள். புத்தகம் கொழும்பிலிருந்து வர ஒரு வாரம் போகலாம். பதிப்புரிமை உள்ள உருப்படிக்குப் போட்டோப்பிரதி கொண்டு போகாதீர்கள், மூலப் புத்தகம் வேண்டும்.

இனி ஸ்கேல்ஸ். எல்லாவற்றையும் தினமும் வாசிக்க நேரமில்லை. பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடுங்கள். காலையில் ஆறு துண்டு எடுங்கள். முதல் தடவையிலேயே தடக்காமல் வந்தது இரண்டாவது டின்னுக்குப் போகட்டும். வராதது அதே டின்னில் கிடக்கட்டும். இரண்டாவது டின்னிலிருந்து கிழமைக்கு ஒருதடவை மட்டும் சோதித்தால் போதும். முக்கியம் முதல் தடவை என்பதுதான். பரீட்சகர் இரண்டாவது தடவை கேட்கமாட்டார். நான்காவது தடவை நன்றாக வந்தது என்று துண்டை மாற்றினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள்.

மாணவர்கள் பயப்படுகிற ஸ்கேல்கள்தான் உண்மையில் சுலபமானவை. ஐந்து கறுப்புக் கீயும் வருகிற பி மேஜர், டி ஃபிளாட் மேஜர், எஃப் ஷார்ப் மேஜர் மூன்றிலும் இரண்டு பெருவிரலும் சேர்ந்தே விழும். மிஞ்சுகிற இரண்டு வெள்ளைக் கீயிலும்தான். பி மேஜரில் பியும் ஈயும், டி ஃபிளாட்டில் சியும் எஃப்பும், எஃப் ஷார்ப்பில் பியும் ஈ ஷார்ப்பும். கஷ்டம் சி மேஜரில்தான், ஏனென்றால் நடுவில் பெருவிரல்கள் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன. அங்கே பிடிமானம் மூன்றாம் விரல்: ஈயிலும் ஏயிலும் இரண்டு கையின் மூன்றாம் விரலும் சந்திக்கும். ஜி, டி, ஏ, ஈ மேஜர்களிலும் இதே விரல் ஒழுங்குதான். மூன்றாம் சுர இடைவெளியில் வாசிக்கும் ஸ்கேலில் இந்தச் சந்திப்பெல்லாம் குலைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு கையும் தன் பழைய விரலையே வைத்துக்கொண்டு ஓடுகிறதா என்று தனித்தனியாகச் சோதித்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

டிமினிஷ்ட் செவன்த் பன்னிரண்டு சுரத்திலிருந்து தொடங்கினாலும் சுரக் கூட்டம் மூன்றுதான். ஹோல் டோன் ஸ்கேல் இரண்டே இரண்டு. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை கால்வாசியாகிவிடும். டொமினன்ட் செவன்த்தில் ஒரு பொறி உண்டு. "டி கீயில் டொமினன்ட் செவன்த்" என்று கேட்டால் டியில் தொடங்கக்கூடாது. டியின் ஐந்தாம் சுரமான ஏயில் தொடங்க வேண்டும். தெரிந்தவர்களும் பதற்றத்தில் இதில் விழுவார்கள். துண்டில் எழுதும்போதே பரீட்சகர் கேட்கிற மாதிரி எழுதுங்கள், தொடங்கும் சுரத்தை எழுதாதீர்கள்.

வேகத்தை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டிக்கொண்டு போவதைவிட, துண்டு துண்டாகப் பாய்வது விரைவில் பலன் தரும். ஒரு ஒக்டேவ் மட்டும் பரீட்சை வேகத்தில் பாய்ந்து, மேல் சுரத்தில் நில்லுங்கள். தோள், முழங்கை தளர்ந்ததா என்று பாருங்கள். அடுத்த ஒக்டேவ். பிறகு இரண்டு சேர்த்து. பெருவிரல் தேவைப்படும் நொடியில் உள்ளே நுழைந்தால் அங்கே ஒரு முட்டு கேட்கும். இரண்டாம் விரல் வாசிக்கும்போதே அது உள்ளே நகரத் தொடங்க வேண்டும்.

சைட் ரீடிங்குக்கும் ஓரலுக்கும் தனித்தனிப் புத்தகம் தேட முன், ஒரு பழைய ஹிம் (தேவாலயப் பாடல்) புத்தகம் தேடுங்கள், நான்கு குரல் இசைக்குறியோடு உள்ளது. மெதடிஸ்த சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வளவு காலம் இருக்கிற மட்டக்களப்பில் இது கிடைக்காத பொருள் அல்ல. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் வந்து சேர்ந்த ஊர் அது. நீங்கள் எந்தச் சமயமானாலும் கடன் கேட்டால் தருவார்கள். நமது தமிழ்க் கீர்த்தனைப் புத்தகம் இதற்கு உதவாது. நமக்கு வேண்டியது நான்கு குரலும் சேர்ந்த ஹார்மனி.

இரவில் ஒரு ஹிம். முதலில் சைட் ரீடிங்: பரீட்சையில் அரை நிமிடம் தருவார்கள், அந்த நேரத்தில் எந்தப் பகுதியையும் வாசித்தும் பார்க்கலாம். மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த அரை நிமிடத்தை வீணாக்குவது. கீ, பீட் இரண்டையும் பார்த்து, மிகக் கடினமாகத் தெரிகிற பாரைக் கண்டுபிடித்து அதைக் கையால் வாசித்துப் பாருங்கள். அந்தப் பாரை எந்த வேகத்தில் வாசிக்க முடிந்ததோ அந்த வேகத்தில் முதலிலிருந்து தொடங்குங்கள். மீதி நேரத்தில் கடைசிக் கோர்டைத் தொட்டுப் பாருங்கள். தொடங்கிய பிறகு நிற்கவோ திருத்தவோ கூடாது. சுரம் தவறினால் விடுங்கள், பீட் தவறக்கூடாது. எல்லா சுரமும் முடியாவிட்டால் மேற்குரலும் பாஸும் மட்டும். முற்றாக விட்டுவிட்டால் 0. குறைபாடாக முயன்றாலும் 7 இலிருந்து தொடங்கும். அந்த ஏழு புள்ளியைப் பயத்துக்குக் கொடுக்காதீர்கள். ஹிம் கொஞ்சம் பழகியதும் வாரத்தில் இரண்டு நாள் கிரேட் 5, 6 சைட் ரீடிங் புத்தகத்துக்கு மாறுங்கள். ஹிம்மில் தாளச் சிக்கல் போதாது.

பிறகு அதே ஹிம்மை வைத்து ஓரல். கிரேட் 8 இல் முதலாவது, மூன்று குரல் வாசிப்பில் கீழ்க்குரலைப் பாடுவது. ஹிம்மின் ஒரு வரியை வாசித்துவிட்டு அதன் பாஸை உங்கள் குரலுக்கு ஏற்ற ஸ்தாயியில் பாடுங்கள். ஹம் பண்ணினாலும் போதும். குரல் இனிமைக்குப் புள்ளி இல்லை, சுருதிக்குத்தான். வாசிக்கத் தெரியாத தம்பியிடம் இதைக் கேட்க முடியாது என்பதால், நீங்களே வாசித்து ஃபோனில் பதிந்து, இரண்டு நாள் கழித்துப் போட்டுக் கேட்டுப் பாடலாம். மறந்திருப்பீர்கள், அதுதான் வேண்டும்.

கேடன்ஸுக்கு (இசை வரியை முடிக்கிற கோர்டுகள்), பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படித்தவருக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. பாஸை மட்டும் ஸ்வரமாகக் கேளுங்கள். ப விலிருந்து ஸ வுக்கு வந்தால் பர்ஃபெக்ட். ம விலிருந்து ஸ வுக்கு வந்தால் பிளேகல்; ஹிம் முடிவில் 'ஆமென்' பாடும் இடம். ப வில் போய் நின்றால் இம்பர்ஃபெக்ட். ப விலிருந்து த வுக்கு ஏறி ஏமாற்றினால் இன்டரப்டட். மேஜர் என்றால் சங்கராபரணம், மைனர் பெரும்பாலும் கீரவாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனரில் அந்த த சின்ன தைவதம். கேடன்ஸில் வரும் மூன்று கோர்டையும் சொல்லச் சொல்வார்கள். பாஸ் ப, ப, ஸ என்று முதல் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் அது டொனிக் செகண்ட் இன்வர்ஷன், டொமினன்ட், டொனிக். ம, ப, ஸ என்றால் முதல் கோர்ட் சப்டொமினன்டாகவும் இருக்கலாம், சூப்பர்டொனிக் ஃபர்ஸ்ட் இன்வர்ஷனாகவும் இருக்கலாம். மேஜரில் முதலாவது மேஜர் நிறம், இரண்டாவது மைனர் நிறம். அதைப் பிரிக்கத் தெரியாவிட்டாலும் மற்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

கீ மாற்றம் கேட்கும்போது தொடக்க ஸ வை மனதுக்குள் பிடித்துக்கொண்டிருங்கள், தம்புரா மாதிரி. முடிவில் புதிய ஸ எங்கே என்று பாருங்கள். பழைய ப வில் என்றால் டொமினன்ட், ம வில் என்றால் சப்டொமினன்ட். மேஜரில் தொடங்கி த வில் மைனராக முடிந்தால் ரிலேட்டிவ் மைனர். மைனரில் தொடங்கி சின்ன காந்தாரத்தில் மேஜராக முடிந்தால் ரிலேட்டிவ் மேஜர். கடைசிப் பகுதியில் ஒரு உருப்படியை வாசித்து அதன் இயல்புகளைச் சொல்லச் சொல்வார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பத்து வசனம் தயாராக வாயில் இருக்கட்டும்: மீட்டர், மேஜரா மைனரா, குரல் அடுக்கு, சத்த அளவு, எந்தக் காலத்து இசை, அப்படிச் சொல்லக் காரணம். இதைப் பஸ்ஸில் செய்யலாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போகவர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஹெட்போனில் ஒரு உருப்படி, பிறகு மனதுக்குள் ஆறு வசனம். சனிக்கிழமை வகுப்பு நேரத்தை மட்டும் இதற்குச் செலவழிக்காதீர்கள். ரீச்சரிடம் மூன்று குரலில் கீழ்க்குரலைப் பாடுவதையும் இரண்டு குரலில் கீழ்க்குரலைப் பார்த்துப் பாடுவதையும் கேளுங்கள், அவை தனியாகச் செய்யக் கஷ்டம்.

டிஜிட்டல் பியானோவில் பழகுவது குறையல்ல, ஆனால் நான்கு விஷயம் பாருங்கள். சத்தத்தை எப்போதும் ஒரே அளவில், நடுவில் வையுங்கள். வீட்டார் தூங்கிவிட்டார்கள் என்று குறைத்தால் விரல் தன்னையறியாமல் அடிக்கத் தொடங்கும், ஹெட்போன் போடுங்கள். பெடல் சீமெந்துத் தரையில் வழுக்கிப் போகுமானால் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று வையுங்கள், இல்லையென்றால் கால் பெடலைத் துரத்திக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் கதிரை பெரும்பாலும் தாழ்வு. முழங்கை கீ மட்டத்துக்கு வரும்வரை பலகையோ தடித்த குஷனோ போடுங்கள். சனிக்கிழமை ரீச்சரின் பியானோவில் முதல் பத்து நிமிடமும் ஃபியூக்கே வாசியுங்கள். மரப் பியானோவின் கீ கனம் வேறு, மெதுவான சத்தத்தில் சுரம் விழாமல் போவது அங்கேதான் தெரியும். மாரி காலத்தில் வாவிப் பக்கத்து வீடுகளில் ஈரத்தால் மரம் ஊதி, அழுத்திய கீ மேலே வரத் தாமதிக்கும். அப்போது வேகம் வராவிட்டால் உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் போன இரவில் புத்தகத்தை டோர்ச்சில் பார்த்து, மேசையில் விரல் இலக்கம் சரிபாருங்கள். நினைவில் எங்கே ஓட்டை என்று அப்போது பளிச்சென்று தெரியும்.

வாரங்களை இப்படி நினையுங்கள். முதல் மூன்று வாரம் வேகம் எதுவும் வேண்டாம். மூன்று உருப்படியிலும் விரல் இலக்கம் முடிவாகி, கை தனித்தனியாகச் சுத்தமாக வர வேண்டும். நான்கிலிருந்து ஆறு வரை சேர்ப்பதும் பாதி வேகத்தில் நிற்காமல் போவதும். ஏழு, எட்டில் வேகம், பெடல், சத்த வேறுபாடு. ஒன்பதாம் வாரம் மூன்று முறை முழுப் பரீட்சை: யாரையாவது முன்னால் இருத்தி, கதவைத் திறந்து உள்ளே வந்து, கதிரையைச் சரிசெய்து, மூன்றையும் நிற்காமல், உடனே டின்னிலிருந்து எட்டுத் துண்டு. பத்தாம் வாரம் புதிதாக எதையும் திருத்தாதீர்கள். எல்லாம் முக்கால் வேகத்தில், நாளுக்கு நாற்பது நிமிடம். முன்னங்கையிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் எந்த வாரமானாலும் அன்றைக்கு நிறுத்த வேண்டும். வலியோடு பழகினால் இழப்பது ஒரு நாள் அல்ல, இரண்டு வாரம்.

பரீட்சை கொழும்பில் என்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். இரவு ரயிலில் போய் இறங்கி நேரே பரீட்சைக்குப் போகாதீர்கள், ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். அறைகள் ஏசி போட்டுக் குளிராக இருக்கும். நம் ஊர் வெக்கையில் பழகிய விரல் அங்கே விறைத்துவிடும். ஒரு சால்வையும் சூடான பிளாஸ்க்கும் கொண்டுபோய் வெளியே காத்திருக்கும்போது கையைச் சூடாக வைத்திருங்கள். உள்ளே போனதும் கதிரை உயரத்தை அவசரப்படாமல் சரிசெய்யலாம், இரண்டு கோர்ட் வாசித்துக் கீ கனத்தைப் பார்க்கலாம். பகுதிகளை எந்த ஒழுங்கில் செய்வது என்பது உங்கள் விருப்பம். கை விறைப்பு இருந்தால் ஸ்கேல்ஸில் தொடங்குங்கள், ஃபியூக் அதற்குப் பிறகு வரட்டும்.

தள்ளிப்போடுவது பற்றி: இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம், நான்காம் வாரச் சனிக்கிழமை எடுங்கள். அன்றைக்கு மூன்று உருப்படியையும் இரண்டு கையும் சேர்த்து, பாதி வேகத்தில், நிற்காமல் ரீச்சர் முன் வாசிக்க முடிந்தால் போங்கள். இரண்டுதான் முடிந்தால், மூன்றாவதை அதைவிடச் சுலபமான ஒன்றாக மாற்ற அன்றுதான் கடைசி நாள். ஒன்றும் முடியவில்லை என்றால் தள்ளுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. அதனால் அந்தத் திகதி நான்காம் வாரத்துக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று இந்தச் சனிக்கிழமையே ரீச்சரிடம் கேட்டு வையுங்கள்.